மூடி அழுத்தாத ஜாடி

தோகுடா: முத்திரை கொஞ்சம் சாஞ்சு விழுந்திருக்கு, அராய்-சான்.

அராய்: அடடா... பக்கத்துல இன்னொண்ணு குத்தட்டுமா?

தோகுடா: வேணாம். வீட்டு வீட்டுக்குச் சுத்துற அறிக்கைதானே, பாத்தாச்சுங்கிறதுக்கு ஒரு அடையாளம். ஆனா நீங்க பாக்கவே இல்லையே.

அராய்: பாத்தேனே. தண்ணித் தொட்டி கழுவுறாங்க. ஞாயித்துக்கிழமை குடியிருப்போர் கூட்டம். வேற என்ன...

தோகுடா: ரெண்டாவது தாள்.

அராய்: ரெண்டாவது தாள் இருக்கா?

தோகுடா: ஒட்டிக்கிட்டிருக்கு. விரலை ஈரம் பண்ணித் திருப்புங்க.

அராய்: ஆமா, இருக்கு.

தோகுடா: படிச்சீங்களா?

அராய்: "மூன்றாம் பிளாக்கில் நாற்றம் குறித்து வந்த புகார் விவாதிக்கப்படும்." நாத்தமா... என்ன நாத்தம்?

தோகுடா: உள்ள வந்து சொல்லட்டுமா? வாசப்படியில நின்னு பேசற விஷயமில்ல.

அராய்: வீடு போட்டது போட்டபடி கிடக்கு, தோகுடா-சான். யுகாரியோட கல்யாணச் சாமானெல்லாம் பிரிச்சு வெச்சிருக்கேன்.

தோகுடா: நான் என்ன விருந்தாளியா. மேல் வீடு. உங்க தலைக்கு மேலதான் நடக்குறேன் எட்டு வருஷமா.

அராய்: ...வாங்க. வீட்டுக்குள்ள போடற செருப்பு இது, போட்டுக்கோங்க.

தோகுடா: எப்போ கல்யாணம்? நவம்பர்தானே?

அராய்: பன்னண்டாம் தேதி. இன்னும் அஞ்சு வாரம்.

தோகுடா: மாப்பிள்ளை வீடு நாராவுலன்னீங்க.

அராய்: ஆமா. முரோய் குடும்பம். பழைய குடும்பம். உக்காருங்க... ஜன்னலைத் திறக்கட்டுமா?

தோகுடா: எதுக்கு? இங்க ஒண்ணும் வாசம் வரலையே.

அராய்: இல்ல, புழுக்கமா இருக்கேன்னு.

தோகுடா: அக்டோபர்ல என்ன புழுக்கம். சும்மா இருங்க.

அராய்: பார்லித் தண்ணி இருக்கு. இல்ல, சூடா டீ போடட்டுமா?

தோகுடா: பார்லித் தண்ணியே போதும். ...கைக்கு என்ன?

அராய்: கைக்கா?

தோகுடா: ஊத்தும்போது வலது முழங்கைக்குக் கீழ இடது கையைக் கொடுத்துத் தாங்கிக்கிறீங்களே.

அராய்: அது... முழங்கையில வலி.

தோகுடா: போன மாசம் கூட்டத்துல ஒரு காலைக் குத்த வெச்சு உக்காந்திருந்தீங்க. அப்போ கேட்டதுக்கு முட்டியில வலின்னீங்க.

அராய்: வயசாகுதுல்ல. வலி இடம் மாறிக்கிட்டே இருக்கு.

தோகுடா: இருக்கும் இருக்கும். எனக்கு அறுபத்திமூணு. எனக்கு ரெண்டு இடத்துலயும் வலி. ஆனா நான் அப்படி உக்கார மாட்டேன். உக்காரக் கூடாதுன்னு பழகிக்கிட்டேன்.

அராய்: ...அந்தப் புகார் என்னன்னு சொல்ல வந்தீங்க.

தோகுடா: கடிதமா வந்திச்சு. என் தபால் பெட்டியில போட்டுட்டுப் போயிருக்காங்க. தபால் தலை இல்ல, பேரு இல்ல. இந்தக் கட்டடத்து ஆளுதான்.

அராய்: இந்தக் கட்டடத்துல பதினாறு வீடு இருக்கே.

தோகுடா: பதினாறு வீட்டுலயும் பேனா இருக்கு. ஆமா.

அராய்: என்ன எழுதியிருக்கு?

தோகுடா: நாத்தம் அடிக்குதுன்னு. ஏன், உங்களுக்கு அடிக்கலையா? ரெண்டு வாரமாச்சாமே.

அராய்: அடிக்குதே. அடிக்குது அடிக்குது. சகிக்கல. நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்.

தோகுடா: இப்பதான் "என்ன நாத்தம்"னு கேட்டீங்க.

அராய்: அது... சாக்கடையைச் சொல்றீங்களோன்னு நெனச்சேன்.

தோகுடா: சாக்கடை இல்ல.

அராய்: பூண்டு நாத்தம்தானே. அதைத்தான் நானும் சொல்றேன்.

தோகுடா: ரெண்டாவது மாடி மோரிஷிதா-சான் சொல்றாங்க, நிச்சயமா "அவங்க" யாரோ ஒருத்தர் பேரை மாத்திக்கிட்டு இங்க வந்து குடியிருக்காங்களாம்.

அராய்: யாரு?

தோகுடா: கொரியாக்காரங்க. இங்கேயே பொறந்தவங்க. வெளியில நம்ம மாதிரி பேரு, உள்ளுக்குள்ள வேறன்னு சொல்றாங்க.

அராய்: மோரிஷிதா-சானுக்கு வேற வேலை இல்ல. பட்டணத்துக் கலை மையத்துல "சியோல் சமையல்"னு வகுப்புக்குப் போறது அவங்கதானே. அங்க ஒலிம்பிக் ஆரம்பிச்சதுலேர்ந்து அதே பேச்சு. எல்லாருக்கும் சின்னச் சின்ன டப்பாவுல கிம்சின்னு அந்த முட்டைக்கோஸ் ஊறுகாயைப் போட்டுக் கொடுத்தாங்களே. நாத்தம் அங்கிருந்துதான் வருதோ என்னவோ.

தோகுடா: அதை நான் சாப்பிட்டுப் பாத்தேன். ஆப்பிள் துருவிப் போட்டிருந்தாங்க. தேன் வேற. அதுல எங்க நாத்தம் வரும்? ஜாம் மாதிரி இருந்துச்சு.

அராய்: ஆமா. அதை யாராவது கிம்சின்னு...

தோகுடா: ம்?

அராய்: ஒண்ணுமில்ல. எனக்கு எப்படித் தெரியும். நான் அந்த டப்பாவைத் திறக்கவே இல்ல.

தோகுடா: மோரிஷிதா-சான் செஞ்சா கலை. வேற யாராவது செஞ்சா நாத்தம். வேடிக்கையா இல்ல?

அராய்: நீங்க என்ன... அவங்களுக்குப் பரிஞ்சு பேசற மாதிரி இருக்கே.

தோகுடா: எவங்களுக்கு?

அராய்: அவங்களுக்குத்தான்.

தோகுடா: நான் இந்த பிளாக்குக்குப் பொறுப்பாளி. யாருக்கும் பரியல. போன வருஷம் கீழ சைக்கிள் காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா? அப்பவும் "அவங்க"தான்னு சொன்னாங்க. கடைசியில ஒனோ வீட்டுப் பையனே ஸ்டேஷன்ல விட்டுட்டு மறந்து வந்திருந்தான்.

அராய்: அதுக்கு யாரும் மன்னிப்புக் கேக்கல.

தோகுடா: யாருகிட்ட கேக்கணும்? யாருன்னே தெரியாதே.

அராய்: ...அதுவும் சரிதான்.

தோகுடா: சத்தமாப் பேசினா அவங்க. சண்டை போட்டா அவங்க. கிண்ணத்தைக் கையில எடுக்காம மேசையில வெச்சே சாப்பிட்டா அவங்க. ஒரு காலைக் குத்த வெச்சு உக்காந்தா, ஊத்தும்போது முழங்கையைத் தாங்கினா அவங்க. அதை விடுங்க, டிவியில ஒருத்தர் நல்லாப் பாடினாக் கூட என் நாத்தனார் காதுல வந்து சொல்லுவா, "இவரும் அவங்கதானாம்"னு. திட்டுறாளா பாராட்டுறாளான்னே தெரியாது.

அராய்: நீங்க என்ன சொல்லுவீங்க?

தோகுடா: "அப்படியா"ன்னு சொல்லுவேன். ஆச்சரியப்படற மாதிரி கண்ணை விரிச்சு. நீங்க?

அராய்: நானும் அதுதான். எல்லாரும் அதுதானே சொல்லுவாங்க.

தோகுடா: ஒலிம்பிக் பாத்தீங்களா?

அராய்: அங்கொண்ணும் இங்கொண்ணும். வேலை நடுவுல.

தோகுடா: போன வெள்ளிக்கிழமை பொண்ணுங்க அம்பு விட்டாங்களே. மூணு பதக்கமும் ஒரே நாடு.

அராய்: அப்படியா?

தோகுடா: இப்ப கண்ணை விரிக்கிறீங்க. அன்னிக்கு மேல பால்கனிக் கதவு திறந்திருந்துச்சு. மூணு கொடியும் ஏத்தி அந்தப் பாட்டுப் போட்டாங்க. கீழ யாரோ அழுதாங்க. விசும்பி இல்ல. வாயைத் துணியால அடைச்சுக்கிட்டு அழற மாதிரி.

அராய்: வெங்காயம் நறுக்கிட்டிருந்திருப்பேன்.

தோகுடா: யாரு வீடுன்னு நான் சொல்லவே இல்லையே. கீழன்னுதான் சொன்னேன். கீழ மூணு மாடி இருக்கு.

அராய்: நீங்க மட்டும்? அந்தப் பாட்டுன்னு சொல்றீங்க. அப்போ நீங்களும் அதைத்தானே பாத்துட்டிருந்திருக்கீங்க.

தோகுடா: எந்த பட்டனை அமுக்கினாலும் அதுதானே ஓடுச்சு.

அராய்: தோகுடா-சான், நேராவே கேக்கறேன். என்னைச் சந்தேகப்படுறீங்களா?

தோகுடா: எதுக்கு?

அராய்: நாத்தம் என் வீட்டுலேர்ந்து வருதுன்னு. வேணும்னா பாருங்க. சமையலறை, குளிர்பெட்டி, குளியலறை, பால்கனி, எல்லாத்தையும் திறந்து காட்டறேன். என் வீட்டுல பூண்டே கிடையாது. பதினோரு வருஷமா பூண்டு வாங்கினதில்ல.

தோகுடா: பதினோரு வருஷமா... எண்ணி வெச்சிருக்கீங்க.

அராய்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

தோகுடா: உக்காருங்க. உங்க குளிர்பெட்டியைப் பாக்க நான் வரல. உங்க வீட்டுல ஒண்ணும் இல்லேன்னு எனக்குத் தெரியும்.

அராய்: தெரியுமா? எப்படி?

தோகுடா: தெரியும். அவ்வளவுதான்.

அராய்: அப்போ எதுக்கு வந்தீங்க?

தோகுடா: நேத்து ஒருத்தர் வந்தாரு. சாம்பல் கலர் கோட்டு, கையில இனிப்பு டப்பா. விசாரணை நிலையம்னு அட்டை கொடுத்தாரு. கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டுல ஆள் வெச்சு விசாரிப்பாங்களே, அது. ...அராய்-சான்? டம்ளர் சாயுது.

அராய்: எங்களைப் பத்தியா?

தோகுடா: உங்களைப் பத்தி.

அராய்: என்ன கேட்டான்?

தோகுடா: எல்லாம் கேட்டாரு. சத்தமாப் பேசுவாங்களா. சொந்தக்காரங்க வருவாங்களா, வந்தா என்ன பாஷை பேசுறாங்க. ஆகஸ்ட்ல முன்னோர் கல்லறையைக் கும்பிட எந்த ஊருக்குப் போவாங்க. துணி காயப்போட்டா ஏதாவது வித்தியாசமாத் தெரியுமா. அப்புறம்... வாசம்.

அராய்: வாசம் எதுக்கு?

தோகுடா: படி ஏறி வரும்போதே மோந்துட்டாரு. மூணாவது மாடியில நின்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டே நோட்டுல ஏதோ எழுதினாரு. உங்க கதவுக்கு நேரா.

அராய்: கடவுளே... அது என் வீடு இல்ல. சொன்னீங்களா? அது எங்க வீடு இல்லேன்னு சொன்னீங்களா?

தோகுடா: தண்ணி குடிங்க.

அராய்: என்ன சொன்னீங்க, தோகுடா-சான்?

தோகுடா: முதல்ல இந்தக் கடிதத்தைப் படிக்கிறேன். கேளுங்க.

அராய்: கடிதம் கிடக்கட்டும். எம் பொண்ணு வாழ்க்கை இது.

தோகுடா: தெரியும். அதனாலதான் படிக்கிறேன். "நிர்வாகத்துக்கு. மூன்றாம் பிளாக்கில் இரண்டு வாரமாகச் சகிக்க முடியாத நாற்றம் வீசுகிறது. பூண்டு மட்டுமல்ல. உப்பில் ஊறிய நெத்திலி அளவுக்கு மீறிப்போய், மூடியைச் சரியாக அழுத்தாமல், வெயில் படும் இடத்தில் வைத்த ஜாடியின் நாற்றம் இது. சுத்தமான மனிதர்கள் வாழும் இடத்தில் இதை அனுமதிக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் தங்கள் இடத்துக்கே போகட்டும். இப்படிக்கு, ஒரு குடும்பத் தலைவி."

அராய்: ...சரியாத்தானே எழுதியிருக்காங்க.

தோகுடா: இடது கையால எழுதியிருக்காங்க. கோடெல்லாம் நடுங்குது. ஆனா தப்பு ஒண்ணுகூட இல்ல. நல்லாப் படிச்ச கை.

அராய்: ஒருவேளை ஒனோ-சானா இருக்கும்.

தோகுடா: ஒனோ-சான் "பூண்டு நாத்தம்"னு எழுதுவாங்க. மோரிஷிதா-சான் "ஒருவிதமான நறுமணம்"னு எழுதுவாங்க. இந்தக் கட்டடத்துல யாரைக் கேட்டாலும் பூண்டு, மிளகாய், அதோட நின்னுடுவாங்க. அதுக்குள்ள மீன் போடுவாங்கன்னே இவங்களுக்குத் தெரியாது. நெத்திலியா இறால் குஞ்சான்னு மூக்காலயே பிரிச்சுச் சொல்லணும்னா...

அராய்: சொல்லணும்னா?

தோகுடா: அதைச் செஞ்சு வளந்த வீடா இருக்கணும். மூடியை அழுத்தணும், வெயில் படாம வைக்கணும்னு சின்ன வயசுலயே யாராவது தலையில குட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கணும்.

அராய்: நீங்க சொல்றது எனக்கு விளங்கல.

தோகுடா: விளங்குது.

அராய்: அப்போ நான் ஒண்ணு கேக்கறேன். அதுல நெத்திலிதான் கூடிப்போச்சுன்னு எழுதியிருக்கிறது சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

தோகுடா: சரின்னு நான் சொல்லலையே.

அராய்: தப்புன்னும் சொல்லல. இறால் குஞ்சுன்னு நீங்களாத்தான் இழுத்தீங்க. மோரிஷிதா-சானோட டப்பாவுல மீனே இல்ல. அப்போ உங்களுக்கு யாரு சொன்னா?

தோகுடா: என் வீட்டுக்காரர் ரயில்வேல இருந்தாரு. ஊரெல்லாம் சுத்தினவரு. பல கதை சொல்லுவாரு.

அராய்: உங்க வீட்டுக்காரர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இந்தப் பேச்சையே எடுப்பாரு. போன வருஷம் செர்ரிப் பூ பாக்கப் போனப்போ, பக்கத்துல இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுக்கிட்டிருந்த கும்பலைப் பாத்து என்ன சொன்னாருன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எல்லாரும் சிரிச்சோம்.

தோகுடா: நீங்களும் சிரிச்சீங்க.

அராய்: நீங்களும்தான்.

தோகுடா: ஆமா. நானும்தான்... நல்ல மனுஷன். அந்த ஒரு பேச்சைத் தவிர. ஏப்ரல்ல போயிட்டாரு. அப்போலேர்ந்து நாக்குல எதுவும் ஒட்ட மாட்டேங்குது.

அராய்: பேச்சை மாத்தாதீங்க. அந்த ஆளுகிட்ட என்ன சொன்னீங்க?

தோகுடா: நீங்கதான் முதல்ல. இந்தக் கடிதத்தை எழுதினது யாரு?

அராய்: இது மிரட்டலா?

தோகுடா: கேள்வி.

அராய்: தெரியாதுன்னா?

தோகுடா: இந்த அறிக்கையை எடுத்துக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவேன்.

அராய்: போயி?

தோகுடா: முத்திரை வாங்குவேன். வேற என்ன. ...கடைசி வரிதான் என்னைத் தூங்க விடல, அராய்-சான். "தங்கள் இடத்துக்கே போகட்டும்." எந்த இடம்னு எழுதினவங்களைக் கேக்கணும். வேற ஒண்ணுமில்ல. ஒனோ-சான் எழுதியிருந்தா நான் கேக்க மாட்டேன். அவங்க அப்படித்தான்னு விட்டுடுவேன். ...எந்திரிக்கட்டுமா?

அராய்: இருங்க. அந்த வரி இல்லேன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

தோகுடா: என்ன?

அராய்: எல்லாரும் அந்த வரியைத்தான் எழுதுவாங்க. அது இல்லேன்னா, யாரோ பாதி மனசா எழுதியிருக்காங்கன்னு தெரிஞ்சிடும். அதான் எழுதினேன். மூணு தரம் எழுதினேன். முதல் ரெண்டு தாள்ல கை அந்த வரிகிட்ட வந்து நின்னுடுச்சு.

தோகுடா: நீங்கதான்.

அராய்: தெரிஞ்சுக்கிட்டுத்தானே வந்தீங்க.

தோகுடா: சந்தேகம்தான். இப்பதான் தெரியும்.

அராய்: அப்போ நல்லாத் தெரிஞ்சுக்கோங்க. நான் பொறந்தது எங்க ஆளுங்க கடை போடுற சுருஹாஷி சந்தைக்குப் பின்னாடி. எங்க அம்மா அங்கதான் ஜாடியில கிம்சி வெச்சு வித்தாங்க. பள்ளிக்கூடத்துல சாப்பாட்டு டப்பாவைத் திறந்தா டீச்சர் எந்திரிச்சுப் போய் ஜன்னலைத் திறப்பாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நல்ல டீச்சர். ஜன்னலை மட்டும் திறப்பாங்க. குளிர்காலத்துலயும். நாப்பது பேரும் என்னைப் பாப்பாங்க, குளிருதுன்னு.

தோகுடா: அதான் என்னைப் பாத்ததும் ஜன்னலைத் திறக்கட்டுமான்னீங்க.

அராய்: யாரு வந்தாலும் கேப்பேன். வாய் தானா கேட்டுடும்.

தோகுடா: பதினோரு வருஷம்னீங்களே.

அராய்: இந்த நாட்டுப் பிரஜையா எழுதிக் கொடுத்து பதினோரு வருஷம். பத்து விரலையும் மையில அமுக்கினாங்க. அதிகாரி வீட்டுக்கு வந்து பாத்தாரு. சமையலறையில நின்னு, "நல்லது, சுத்தமா இருக்கு"ன்னாரு. அன்னிக்கு ராத்திரியே மிளகாப்பொடி டப்பாவை எடுத்துக் குப்பையில போட்டேன். அப்புறம் இந்த ஊருக்கு வந்தோம். யுகாரிக்கு அப்போ பன்னண்டு வயசு. இனிமே அம்மாவை வீட்டுக்குள்ளயும் எங்க பாஷையில கூப்பிடாதேன்னு சொல்லிக் கொடுத்தேன். அழுதா. ரெண்டு நாள்ல பழகிட்டா. பழகினதுதான் எனக்குத் தாங்கல.

தோகுடா: மாப்பிள்ளைக்குத் தெரியுமா?

அராய்: பையனுக்குத் தெரியும். யுகாரி முதல் நாளே சொல்லிட்டா. அவங்க அப்பா அம்மாவுக்குத் தெரியாது. கல்யாணம் முடிஞ்சு மெதுவாச் சொல்லிக்கலாம்னான். நல்ல பையன். ஆனா மெதுவாங்கிற வார்த்தை எனக்குப் பிடிக்கல.

தோகுடா: இதுல கடிதம் எதுக்கு எழுதினீங்க? சும்மா இருந்திருக்கலாமே.

அராய்: சும்மா எப்படி இருக்கிறது? நாத்தம்னு ஒண்ணு வந்தாச்சுன்னா எல்லாரும் மோப்பம் பிடிக்க ஆரம்பிப்பாங்க. யாரு பேச்சுல கொஞ்சம் வித்தியாசம், யாரு கல்லறைக்குப் போறதில்ல, யாரு வீட்டுக்கு சொந்தக்காரங்களே வர்றதில்லன்னு யோசிப்பாங்க. யோசிச்சா என் கதவுகிட்டதான் வந்து நிப்பாங்க. முதல்ல மூக்கைப் பொத்தினவ நானா இருந்துட்டா, என் வீட்டை யாரும் மோந்து பாக்க மாட்டாங்க இல்லையா?

தோகுடா: அப்படி ஒரு கணக்கு.

அராய்: பயத்துக்குக் கணக்கெல்லாம் இல்ல. முதல் நாள் அந்த வாசம் வந்தப்போ நான் பால்கனியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன். என்ன ஆச்சு தெரியுமா? பயம் வரல. வாயில எச்சில் ஊறிச்சு. சின்னப் பிள்ளை மாதிரி. அதுக்கப்புறம்தான் பயம். கடிதத்தைப் போட்டுட்டு வந்தும், தினமும் துணி காஞ்சுதான்னு பாக்கிற மாதிரி போய் நிப்பேன். நின்னு மோந்து பாப்பேன். யாரோ பாவம், கை பழகாதவங்க போட்டிருக்காங்க, மூடியை இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கலாமேன்னு தோணும்.

தோகுடா: அதைத்தான் கடிதத்துல எழுதிட்டீங்க.

அராய்: என்ன?

தோகுடா: புகார் எழுத உக்காந்தவங்க பக்குவம் சொல்லிக் கொடுத்திருக்கீங்க.

அராய்: ...எழுதும்போது தெரியல.

தோகுடா: கண்ணைத் துடைச்சுக்கோங்க. இப்பவும் வெங்காயமா?

அராய்: கிண்டல் பண்ணாதீங்க. எல்லாத்தையும் கொட்டிட்டேன். எம் பொண்ணு, எம் புருஷன், அவர் பட்டறை, எல்லாமே இப்ப உங்க கையில. பிளாக் பொறுப்பாளிகிட்டயே கொண்டு வந்து கொடுத்திருக்கேன் பாருங்க, என் புத்தி. இனிமே என்ன செய்யப் போறீங்க? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்லுவீங்களா?

தோகுடா: கடிதத்தைப் படிப்பேன். அது என் வேலை. எழுதினது யாருன்னு சொல்ல மாட்டேன்.

அராய்: அந்த விசாரணைக்காரன்? அவன் திரும்ப எப்ப வர்றான்?

தோகுடா: வர மாட்டாரு.

அராய்: ஏன்?

தோகுடா: அவருக்கு வேண்டியதெல்லாம் நேத்தே சொல்லிட்டேன். முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தாரு.

அராய்: நேத்தேவா? அப்போ... அப்போ இவ்வளவு நேரம் என்னை எதுக்கு இப்படி வறுத்தெடுத்தீங்க?

தோகுடா: உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு. கடிதத்தைப் படிச்ச அன்னிக்கு, கன்னத்துல யாரோ தெரிஞ்சவங்க அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. தெரியாதவங்க அறைஞ்சா வலி சீக்கிரம் போயிடும்.

அராய்: உங்களுக்கு எதுக்கு வலிக்கணும்?

தோகுடா: ...

அராய்: தோகுடா-சான். அவன்கிட்ட என்ன சொன்னீங்க?

தோகுடா: இந்தக் கடிதத்தைக் காட்டினேன்.

அராய்: என் கடிதத்தையா?

தோகுடா: உங்க கடிதம்னு சந்தேகம்தான் அப்போ. ஆனா உறுதியாத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். "அராய் வீட்டம்மா எழுதினது. கொஞ்சம் பூண்டு வாசம் வந்தாலே தாங்க மாட்டாங்க. அந்தம்மாவைப் போய் அவங்களோன்னு கேக்கறீங்களே"ன்னேன். கடைசி வரியை ரெண்டு தரம் படிச்சாரு. நோட்டுல இருந்ததைக் கோடு போட்டு அடிச்சிட்டு, "இதைவிட நல்ல அத்தாட்சி வேணுமா"ன்னாரு. சிரிச்சாரு. யுகாரி கல்யாணம் நடக்கும். பயப்படாதீங்க.

அராய்: அந்த வரியால...

தோகுடா: அந்த வரியாலதான்.

அராய்: எனக்கு சந்தோஷப்படறதா, எங்கேயாவது போய் முகத்தை மறைச்சுக்கிறதான்னு தெரியல.

தோகுடா: ரெண்டையும் செய்ங்க. நேரம் இருக்கு.

அராய்: இருங்க... அவன் அவ்வளவு லேசா விட்டிருக்க மாட்டானே. மோப்பம் பிடிக்கிறதுதானே அவன் தொழில். அடுத்து அதைத்தானே கேட்டிருப்பான்.

தோகுடா: எதை?

அராய்: என் வீடு இல்லேன்னா, அந்த நாத்தம் யாரு வீட்டுலேர்ந்து வருதுன்னு.

தோகுடா: கேட்டாரு.

அராய்: என்ன சொன்னீங்க? யாரையாவது கை காட்டினீங்களா? யாரை? ...ஏன் சிரிக்கிறீங்க? சொல்லுங்க.

தோகுடா: மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போய், என் பால்கனியில ஜாடியைத் திறந்து காட்டினேன். தோகுடான்னு எழுதப் போனாரு. அது வீட்டுக்காரர் பேரு, என் பேரு கிம் மல்-சுன், அதை எழுதிக்கோங்கன்னேன். வீட்டுல அஞ்சாவதும் பொண்ணாப் போச்சு, இதோட போதும்னு வெச்ச பேரு... நீ எழுதினது சரிதான், தங்கச்சி. நெத்திலி கூடித்தான் போச்சு. அவர் இருந்த வரைக்கும் முப்பது வருஷம் தொடல, கைக்கு அளவு மறந்து போச்சு. மேல வா, ஒரு வாய் தின்னு பாத்துச் சொல்லு.